‘சொல்வதெல்லாம் சத்யம்’ ஷோவும் ஒரு இளநீரும்

1/ சினிமாவுக்குள்ள வர்ற கற்பனை டிவி நிகழ்ச்சின்னா நமக்கு முதல்ல ஞாபகம் வர்றது ‘முதல்வன்’ (1999) பேட்டிதான். அர்ஜுன் கேள்வி கேக்க, ரகுவரன் முகம் மாறுமே, அது. ஆனா ஒரு டாக்டரா என்னை விடாம துரத்துற கற்பனை நிகழ்ச்சி வேற ஒண்ணு. ‘அருவி’ படத்துல வர்ற ‘சொல்வதெல்லாம் சத்யம்’.

2/ அருண் பிரபு புருஷோத்தமன் இயக்கம், அதிதி பாலன் நடிப்பு. 2017 டிசம்பர் 15 ரிலீஸ். கதையைச் சொல்லித்தான் பேசப்போறேன். பார்க்காதவங்க பார்த்துட்டு வாங்க, த்ரெட் எங்கயும் போகாது.

3/ ஷோ பேரைக் கேட்டதுமே ஜீ தமிழ்ல ஓடுன ‘சொல்வதெல்லாம் உண்மை’ ஞாபகம் வரும். வீட்டுப் பிரச்சினையோட ரெண்டு தரப்பு வந்து உக்காரும், நடுவுல ஒருத்தர் விசாரிப்பார். படத்துல அந்த நாற்காலியில லட்சுமி கோபாலசுவாமி. தன்னைச் சீரழிச்ச மூணு பேரைக் கேள்வி கேக்கணும்னு அருவி தோழி எமிலியோட அங்க வர்றா.

4/ ஷூட்டிங் நடுவுல அவளுக்கு எய்ட்ஸ்னு வெளிய வருது. அந்த நொடியில செட் மொத்தமும் மாறும். அதுவரைக்கும் மூணு பேர் என்ன பண்ணாங்கங்கிறதுதான் கேள்வி. அப்புறம் அவ எப்படிப்பட்டவங்கிறதே கேள்வியாயிடுது. கேமரா, லைட், ‘ரோலிங் சார்’ எல்லாம் அப்படியே இருக்கும். குற்றவாளிக் கூண்டு மட்டும் இடம் மாறிடும்.

5/ அதுக்கு முன்னாடியே குடும்பம் அவளை வீட்டை விட்டு அனுப்பியிருக்கும். காரணத்தைப் படம் உடனே சொல்லாது. நாமளா ஒண்ணை யூகிச்சுப்போம். அதாவது, ஷோ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே தியேட்டர்ல உக்காந்திருக்கற நாம ஒரு தீர்ப்பு எழுதி முடிச்சிருப்போம். ரொம்ப நேர்மையான படம்னு நான் நினைக்கறது இதுனாலதான்.

6/ ஆனா ஒரு இடத்துல இடிக்குது. அருவிக்கு எச்.ஐ.வி. எப்படி வந்துச்சு? வண்டியிலேருந்து விழுந்து வாயில காயம். அப்புறம் ரோட்டோரத்துல இளநீர். வெட்டிக் கொடுத்தவர் கையில வெட்டுக்காயம், ரத்தம். படம் சொல்ற காரணம் இதுதான்.

7/ மருத்துவம் சொல்ற முக்கியமான வழிகள் நாலுதான். பாதுகாப்பில்லாத உடலுறவு. பரிசோதிக்காத ரத்தம். ஒருத்தர் போட்ட ஊசியை இன்னொருத்தர் போடறது. தாய்கிட்டேருந்து குழந்தைக்கு. இளநீர், ஓட்டல் சாப்பாடு, ஒரே டம்ளர், கொசு, கை குலுக்கறது எதுவும் இந்த லிஸ்ட்ல கிடையாது.

8/ ஒரு கணக்கு சொல்றேன். எச்.ஐ.வி. இருக்கறவருக்குப் போட்ட ஊசி ஒரு நர்ஸ் கையில குத்திடுச்சுன்னு வைங்க. தொற்று வர வாய்ப்பு 1000க்கு சுமார் 3. 72 மணி நேரத்துக்குள்ள மருந்து ஆரம்பிச்சு 28 நாள் சாப்பிட்டா அதுவும் பெருமளவு குறையும். ஊசிக்கே இவ்வளவுதான். உடம்புக்கு வெளிய வைரஸ் சீக்கிரம் வீரியம் இழந்துடும். இளநீர்ல கரைஞ்ச ஒரு சொட்டு ரத்தத்தை நினைச்சு பயப்பட வேண்டாம். பீச் ரோட்டுல தாராளமா குடிங்க.

9/ அப்போ ஏன் இளநீர்? என் யூகம், அருவி ‘தப்பு பண்ணல’ன்னு காட்டத்தான். உடலுறவுல வந்துச்சுன்னு சொல்லியிருந்தா நம்மில் பாதிப் பேர் அவ பக்கம் நின்னிருக்க மாட்டோம். டிவி பஞ்சாயத்தைக் கிழிச்ச படமே கடைசியில ஒரு பஞ்சாயத்து வெச்சு அவளை விடுதலை பண்ணுது. விடுதலைன்னு ஒண்ணு இருந்தா தண்டனைன்னும் ஒண்ணு இருக்கும்ல?

10/ இதே பஞ்சாயத்து ஓ.பி.யிலயும் நடக்கும். ‘எம் புள்ள தப்புத்தண்டாவுக்குப் போறவன் இல்ல டாக்டர், சலூன்ல பிளேடு மாத்தாம போட்டிருப்பான்.’ பிளேடு, பச்சை குத்துனது, இளநீர்னு ஏதாவது ஒரு ‘நல்ல’ காரணம் தேடுவாங்க. நான் சொல்றது ஒண்ணுதான்: ‘அதை விடுங்கம்மா. மாத்திரை எப்ப ஆரம்பிக்கலாம்னு பேசுவோம்.’ துணைக்கும் குழந்தைக்கும் டெஸ்ட் எடுத்தாச்சான்னு கேப்போம். அது அவங்களையும் காப்பாத்தறதுக்கு, குற்றம் சாட்டறதுக்கு இல்ல.

11/ இந்தியாவுல எச்.ஐ.வி. முதல்ல கண்டுபிடிக்கப்பட்டது பக்கத்துல சென்னையிலதான். 1986ல, டாக்டர் சுனிதி சாலமன் குழுவோட ஆய்வுல. பரிசோதிச்சது பாலியல் தொழிலாளர்களோட ரத்தம். அன்னிக்கு ஒட்டுன ‘ஒழுக்கம் கெட்டவங்க வியாதி’ங்கிற லேபிளை 40 வருஷமாகியும் முழுசா உரிக்க முடியல.

12/ அந்த லேபிளுக்கு விலை இருக்கு. புதுச்சேரி சின்ன ஊர். நேரு வீதியில நடந்தா நாலு பேராவது பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. அதனால இங்க டெஸ்ட் எடுக்காம கடலூர், விழுப்புரம்னு போறவங்க இருக்காங்க. எங்கயும் போகாம தள்ளிப்போடறவங்களும் இருக்காங்க. அவங்கதான் உடம்பு உருக்குலைஞ்ச பிறகு ஸ்ட்ரெச்சர்ல வர்றாங்க, கிளைமாக்ஸ் அருவி மாதிரி.

13/ இவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்ல. 2004 ஏப்ரல்லேருந்து அரசு ஏ.ஆர்.டி. மருந்தை இலவசமா கொடுக்குது. இப்போ பெரும்பாலானவங்களுக்கு தினம் ஒரே ஒரு மாத்திரை. ஒழுங்கா சாப்பிட்டு, டெஸ்ட்ல வைரஸ் அளவு தெரியாத நிலைக்கு வந்து, அப்படியே தொடர்ந்தா உடலுறவு மூலமா துணைக்குப் பரவாது. கர்ப்பத்துலயும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் தாய் சிகிச்சையில இருந்தா குழந்தைக்கு வர வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் கீழ. வேலை, கல்யாணம், பேரன் பேத்தி எல்லாம் உண்டு.

14/ சட்டமும் இருக்கு. எச்.ஐ.வி. - எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2017ல நிறைவேறி, 2018 செப்டம்பர் 10லேருந்து அமல்ல இருக்கு. ஒருத்தரோட எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதம் இல்லாம வெளியிடக்கூடாது. அதை வெச்சு வேலை, படிப்பு, வீடு, சிகிச்சை எதையும் மறுக்கக்கூடாது. நிஜத்துல யாராவது ஒரு ‘சத்யம்’ செட் போட்டா இந்தச் சட்டத்துக்குப் பதில் சொல்லணும்.

15/ ‘அருவி’யைக் கண்டிப்பா பாருங்க, நல்ல படம். இளநீர் சீன் வரும்போது பக்கத்துல இருக்கறவங்ககிட்ட மட்டும் ‘இப்படியெல்லாம் வராது’ன்னு சொல்லிடுங்க. கூடவே, ‘எப்படி வந்திருந்தாலும் அவ அருவிதானே’ன்னும் சொல்லுங்க.

16/ சந்தேகம் இருந்தா 1097க்குக் கூப்பிடுங்க, கட்டணம் இல்ல. அரசு மருத்துவமனை ஐ.சி.டி.சி.யில டெஸ்ட் இலவசம், ரகசியம். தமிழ்நாட்டுல ‘நம்பிக்கை மையம்’னு போர்டு இருக்கும். அங்க உங்களை யாரும் விசாரிக்க மாட்டாங்க. தேவைப்படறவங்களுக்கு இதை அனுப்புங்க.