நான் போன தூது

எங்கள் சபை அசனப் பண்டிகையில் சாம்பாரில் உப்பு கூடிவிட்டது. 'நீதான் போட்டாய்' என்று பெண்கள் சங்கத்து அக்காமார் இருவர் பேச்சையே நிறுத்திவிட்டார்கள். சமாதானம் பண்ணுகிறேன் என்று ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொண்டுபோனேன். புகைந்தது பற்றி எரிந்தது!

அப்புறம்தான் பிலிப்பியர் 4ஆம் அதிகாரம் கண்ணில் பட்டது. எயோதியாள், சிந்திகேயாள் இருவரும் நற்செய்திக்காகப் பாடுபட்டவர்கள், இருந்தும் மனஸ்தாபம். நியாயம் யார் பக்கம் என்று பவுல் எழுதவே இல்லை. ஒருமனப்படும்படி இருவரையுமே வேண்டுகிறார்.

இருவரையும் காபிக்கு அழைத்தேன். "நான்தான் கூட்டிச் சொல்லிட்டேன், மன்னிச்சிடுங்கக்கா" என்றேன். கொஞ்ச நேரம் மௌனம். "ரெண்டு பேருமே உப்பு போட்டுட்டோம் போல" என்றார் ஒருவர். மற்றவர் சிரித்துவிட்டார்.

சகோதரிகளே, சமாதானம் பண்ணப் போகும்போது காதில் விழுந்ததை வாசலிலேயே விட்டுவிடுங்கள்.