காதுதான் ஸார் மீட்டர்!

கார் வாங்கிய இளைஞன் முதல் மாதத்தில் மூன்று காரியம் செய்கிறான். நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறான். பின்பக்கக் கண்ணாடியில் குலதெய்வத்தின் பெயரை ஒட்டுகிறான். மூன்றாவதாக, காரோடு வந்த ஸ்பீக்கரில் 'பேஸ் பத்தலை' என்று கண்டுபிடிக்கிறான். முதல் இரண்டும் சில்லறைச் செலவு. மூன்றாவது தீபாவளி போனஸை முழுசாக விழுங்கி ஏப்பம் விடும்.

என் மச்சினன் மூன்றையும் வரிசை தவறாமல் செய்தான். "மாமா, உங்களுக்குத்தான் ஸால்டரிங் பைத்தியமாச்சே, கூட வாங்க" என்று ஒரு சனிக்கிழமை என்னையும் அள்ளிப் போட்டுக்கொண்டு சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுக்குப் போனான். மவுண்ட் ரோடிலிருந்து பிரியும் அந்த ரோட்டில் காருக்கு வேண்டிய சகலமும் கிடைக்கும். சீட் கவர், ஹாரன், பம்பர், விநாயகர், ஸ்டீரியோ. காருக்கு வேண்டாததும் கிடைக்கும்.

பக்கத்துச் சந்தில் வைத்து ஆம்ப்ளிஃபயர் மாட்டினார்கள். மாட்டியவருக்கு முப்பது முப்பத்திரண்டு வயசு இருக்கும். கை அப்படி ஒரு சுத்தம். ஒயர் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. எல்லாம் முடிந்ததும் ஒரு குத்துப்பாட்டை அலறவிட்டு, சின்ன ஸ்க்ரூடிரைவரால் ஆம்ப்ளிஃபயரின் ஓரத்தில் இருந்த திருகைத் திருப்பினார். பாட்டு உறுமியது. இன்னும் கொஞ்சம். கார் கண்ணாடி நடுங்கியது. பிறகு ஒரு நூல் பின்வாங்கி நிறுத்தினார்.

"எதை வெச்சு தம்பி நிறுத்தினீங்க?" என்றேன்.

"என்ன ஸார்?"

மறுபடி கேட்டேன்.

"கொரகொரன்னு வர்ற வரைக்கும் ஏத்தணும். வந்ததும் ஒரு பாயின்ட் எறக்கணும். காதுதான் ஸார் மீட்டர்!"

கதை இந்த மீட்டரைப் பற்றியது. அதற்கு முன்னால் அந்தத் திருகைப் பற்றி நாலு வார்த்தை.

அதற்கு 'கெயின்' என்று பெயர். சிலதில் 'லெவல்' என்று போட்டிருக்கும். நம் ஆட்கள் அதை இன்னொரு வால்யூம் என்று நினைக்கிறார்கள். அல்ல. ஸ்டீரியோவிலிருந்து வரும் ஸிக்னல் சிலதில் 2 வோல்ட், சிலதில் 4 வோல்ட். வருவதற்கு ஏற்ப ஆம்ப்ளிஃபயர் வாயை எவ்வளவு திறக்கலாம் என்று சொல்வது மட்டும்தான் அந்தத் திருகின் வேலை. குழாயை அதிகம் திறந்தால் குடம் பெரிசாகிவிடாது. வழியும்.

சங்கீதத்தில் இந்த வழிதலுக்கு 'கிளிப்பிங்' என்று பெயர். நல்ல ஒலி அலை மேலே போய், வளைந்து, அழகாகக் கீழே இறங்கும். ஆம்ப்ளிஃபயருக்குக் கிடைக்கிற வோல்டேஜ் அவ்வளவுதான் என்னும்போது அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிறது. கோபுரத்தின் கலசத்தைச் சீவிவிட்டு மொட்டை மாடி கட்டினால் எப்படியோ அப்படி.

கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், எட்டாம் கிளாஸ் கணக்குதான். இன்ஜின் ஓடும்போது கார் பேட்டரியில் 14.4 வோல்ட் வரை இருக்கும். ஸ்டீரியோவுக்குள்ளேயே இருக்கும் சின்ன ஆம்ப்ளிஃபயருக்கு அதுதான் உச்சவரம்பு. 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கினால் சுமார் 207. ஸ்பீக்கரின் 4 ஓமால் வகுத்தால் 52 வாட்ஸ். ஆனால் இது அலை முழுக்க வெட்டுப்பட்டுச் சதுரமாகிவிட்டால் கிடைப்பது. வெட்டுப்படாத அலைக்கு இதில் சரிபாதி, 26. உள்ளே ஆகிற நஷ்டம் போகக் கைக்கு வருவது இருபது சொச்சம். இப்போது ஸ்டீரியோ வந்த அட்டைப் பெட்டியைப் பாருங்கள். '50 வாட்ஸ் x 4' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அந்த 50 எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? கொரகொரப்பின் வாட்ஸையும் சேர்த்து நம் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

தனி ஆம்ப்ளிஃபயர் வோல்டேஜை உயர்த்திக்கொள்வதால் அதிகம் தரும். ஆனால் அதற்கும் ஓர் உச்சி உண்டு, அதே வெட்டும் உண்டு. முழுக்க வெட்டுப்பட்டால் இரண்டு மடங்கு பவர் என்றேனே, அது சங்கீதமாக வருவதில்லை. பெரும்பகுதி சூடாகத்தான் வரும். ஸ்பீக்கருக்குள் இருக்கும் வாய்ஸ் காயில், எனாமல் பூசிய மெல்லிய செம்புக் கம்பி. பாட்டில் ஏற்ற இறக்கம் இருந்தால் நடுநடுவே அது மூச்சு வாங்கி ஆறிக்கொள்ளும். வெட்டுப்பட்ட பாட்டில் இறக்கமே இல்லை. ஒருநாள் காருக்குள் கருகின வாசனை வரும். ஏ.ஸி.யில் கோளாறு என்று மெக்கானிக்கிடம் போவோம்.

சரி, கொரகொரப்பு காதில் விழாதா? அங்கேதான் சூட்சுமம். லேசாக வெட்டுப்படும்போது பாட்டு அதை மூடிவிடும். தவிலும் டிரம்ஸும் சேர்ந்து இடிக்கிற இடத்தில் எது பாட்டு, எது வெட்டு என்று எவனால் சொல்ல முடியும்? கிடாரைக் கரகரப்பாகவே வாசிக்கிறார்கள், அதற்குத் தனிக் கருவி வேறு. பேஸில் இன்னும் மோசம். தாழ்ந்த ஒலிகளுக்கு நம் காது மந்தம் என்பதை அமெரிக்காவில் ஃப்ளெட்சரும் மன்ஸனும் 1933-லேயே வரைபடமாகப் போட்டுக் காட்டிவிட்டார்கள். பாட்டு வைத்து கெயின் ஸெட் பண்ணுவது, கல்யாண வீட்டில் கொசு எங்கே பாடுகிறது என்று தேடுகிற மாதிரி.

அதனால் பாட்டை விட்டுவிட்டு ஒரே சுருதியில் 'கூ' என்று ஒலிக்கும் டெஸ்ட் டோன் வைக்க வேண்டும். 1,000 ஹெர்ட்ஸ் வசதி. சுத்தமாக இருக்கும்வரை அது வெறும் 1,000. வெட்டுப்பட்ட அந்த க்ஷணத்தில் 3,000, 5,000, 7,000 என்று ஒற்றைப்படை மடங்குகளில் அழையா விருந்தாளிகள் கூடவே வந்து உட்காருவார்கள். 'கூ'வுக்கு ஓரத்தில் ரம்பப் பல் முளைத்தது போலக் கேட்கும்.

நான் அன்றைக்குப் பையில் கொண்டு போயிருந்தது இதற்குத்தான். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவிலிருந்து கழற்றிய 8 ஓம் ஸ்பீக்கர், அதோடு 100 ஓம் 5 வாட்ஸ் ரெஸிஸ்டர் ஒன்று. காரின் ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, ஆம்ப்ளிஃபயர் வாயில் இதை மாட்டினால் முழு பவரும் போகாது. தலைமாட்டில் வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சின்னக் குரலில் பாடும். கூடவே, உள்ளங்கை சைஸில் ஒரு ஆஸிலோஸ்கோப்.

இன்ஜினை ஓடவிட்டு, பேஸ் பூஸ்ட், லவுட்னஸ் எல்லாவற்றையும் அணைத்து, திருகை மெதுவாக ஏற்றினேன். கடிகார முள் கணக்கில் சொன்னால் பன்னிரண்டு மணியைத் தொட்டபோது 'கூ' மாறியது. மச்சினனே, "மாமா, ஏதோ சீவுற மாதிரி இருக்கு" என்றான்.

"எங்க?" என்றார் தம்பி. அவர் பாட்டை வைத்து நிறுத்தியிருந்தது இரண்டரை மணியில்.

ஒரு மணிக்கு ஏற்றினேன். எங்கள் இருவருக்கும் பல் கூசியது.

"ஒரே மாதிரிதான் ஸார் இருக்கு."

ஒன்றரை. சின்ன ஸ்பீக்கரை எடுத்துத் தன் காதோரம் வைத்துக்கொண்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நாங்கள் விளையாடுகிறோம் என்று நினைத்தாரோ என்னவோ, லேசாகச் சிரித்தார். ஆஸிலோஸ்கோப்பின் திரையைக் காட்டினேன். அலையின் தலை சீவி வைத்த மாதிரி தட்டையாக இருந்தது. திருகைக் குறைத்தேன், தலை உருண்டது. ஏற்றினேன், தட்டையானது. கண்ணுக்குத் தெரிந்தது அவர் காதுக்குக் கேட்கவில்லை. இரண்டு மூன்று தடவை அவரே திருப்பிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"பன்னெண்டு வருசமா இதான் ஸார் தொழில். ஒரு நாளைக்கு நாலு வண்டி, அஞ்சு வண்டி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ராத்திரி படுத்தா காதுக்குள்ள வண்டு கத்துற மாதிரி 'ஙொய்'னு இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சேன்" என்றார்.

எல்லாருக்கும் அப்படி இல்லை. அதிக சத்தத்தில் உழலும் காது முதலில் இழப்பது 3,000-லிருந்து 6,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை. அதிலும் 4,000-ஐ ஒட்டிய இடம்தான் முதல் பலி. உள்காதின் நுண்ணிய முடி செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. விருந்தாளிகள் 3,000-லும் 5,000-லும் வருகிறார்கள் என்றேனே, அதே இடம். வெட்டு தன்னைக் காட்டிக்கொடுக்கிற இடத்தைத்தான் சத்தம் முதலில் தின்கிறது. கேட்காததால் அவர் திருகை இன்னும் ஏற்றுகிறார். ஏற்றுவதால் இன்னும் கேட்காமல் போகிறது. தொழிலில் கெட்டிக்காரர் என்பதால் வண்டிகளும் அவரைத் தேடியே வருகின்றன.

உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான். கண்ணாடி நடுங்குகிற வண்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு தினமும் உட்காருபவருக்கு அந்த வார ரேஷன் திங்கட்கிழமை டிபன் டயத்துக்குள் தீர்ந்துவிடும்.

காது டெஸ்ட் எடுக்கச் சொன்னேன். "பாக்கலாம் ஸார்" என்றார். பார்க்கமாட்டார் என்றுதான் தோன்றியது. ஆனால் மூன்று வாரம் கழித்து மச்சினனுக்கு வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். ஆடியோகிராம். நேராக வந்த கோடு 4,000-இல் கிணற்றுக்குள் விழுந்த மாதிரி இறங்கியிருந்தது. போனது வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள் என்று டாக்டர் சொன்னாராம். வீட்டில் ஒன்றரை வயசுக் குழந்தை. அது என்ன மழலை பேசுகிறது என்பதை மனைவிதான் அவருக்கு எடுத்துச் சொல்கிறாளாம். குழந்தைப் பேச்சு எல்லா அப்பாக்களுக்கும் அப்படித்தான் என்று அதையும் நினைத்திருந்தாராம்.

இதைப் படித்துவிட்டு உங்கள் வண்டியையும் சோதிக்க நினைத்தால், ஆஸிலோஸ்கோப் இல்லாவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரின் ஆர்.எம்.எஸ். வாட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 'மாக்ஸ்' என்று போட்டிருப்பதை மறந்துவிடுங்கள். அதை ஸ்பீக்கரின் ஓமால் பெருக்கி வர்க்கமூலம் காணுங்கள். 4 ஓமுக்கு 50 வாட்ஸ் என்றால் 14.1 வோல்ட். 75-க்கு 17.3. 100-க்கு 20. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோவை முக்கால் வால்யூமில் வைத்து, 50 ஹெர்ட்ஸ் டோன் போட்டு, மல்டிமீட்டரை ஏ.ஸி. வோல்ட்டில் வைத்து அளந்து, அந்த எண் வந்ததும் திருகை விட்டுவிடுங்கள். 50 ஹெர்ட்ஸ் எதற்கு என்றால், மலிவு மீட்டர்கள் வீட்டுக் கரண்டை அளக்கப் பிறந்தவை. அதற்கு மேலே போனால் உளறும். இன்னொன்று, மீட்டருக்கு அலையின் உருவம் தெரியாது. ஸ்டீரியோவே வெட்டி அனுப்பினால் அதற்குப் புரியாது. அதனால்தான் முக்கால் வால்யூமோடு நிற்பது.

மச்சினன் வண்டியில் இப்போது திருகு பதினொன்றரையில் இருக்கிறது. பாட்டில் வார்த்தைகள் இருப்பதை அவன் புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறான். சில வார்த்தைகளைக் கேட்காமலே இருந்திருக்கலாம் என்கிறான்.

தம்பி ஒரு சின்ன ஆஸிலோஸ்கோப் வாங்கிவிட்டார். ஆரஞ்சு நிறத்தில் நுரைப் பஞ்சு அடைப்பான் இரண்டு காதிலும் எப்போதும் இருக்கிறது. திரையைப் பார்த்தே திருகுகிறார். அதில் ஒரே ஒரு பிரச்னைதான். போன வாரம் அந்தப் பக்கம் போனபோது கஸ்டமர் ஒருவர் எகிறிக்கொண்டிருந்தார்.

"இவ்ளோ காசு கொட்டியிருக்கேன், சவுண்டே பத்தலியே!"

தம்பி நிதானமாக ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்தார்.

"என்ன ஸார் சொன்னீங்க?"