முன் சக்கரம் சுழலாத கதை

குடியாத்தத்தை விட்டு நாங்கள் சித்தூரில் குடியேறி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. அந்நாள் தொட்டு எங்கள் வீட்டு வாயிலில் ஒரு பழைய மஹிந்திரா ஜீப் நின்று வருகின்றது. தந்தையார் ஏலத்தில் எடுத்த வண்டி அது. மாங்காய்ப் பருவத்தில் கூடைகளையும், திருமணக் காலத்தில் உறவினரையும் சுமந்து அது எங்களோடு முதுமை அடைந்துவிட்டது. நான்கு சக்கரங்களுக்கும் விசை கொடுக்கக்கூடிய வண்டி என்று வருவோர் போவோரிடமெல்லாம் பெருமை பேசுவோம். அந்தப் பெருமையை ஒரு நாளேனும் சோதித்துப் பார்த்தோமா என்றால், இல்லை.

சோதனை தானாகவே வந்தது. 2021ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் திருப்பதியில் பெய்த பெருமழையை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். திருமலைப் பாதைகளில் மண்ணும் பாறையும் சரிந்தன. நகரத்தின் தெருக்களில் வெள்ளம் ஓடிற்று. சுவர்ணமுகி கரை புரண்டது. சந்திரகிரிக்கு அப்பால் ஒரு மாந்தோப்பில் எங்கள் அத்தை தனியே இருந்தார். (சந்திரகிரி அப்போது எங்கள் சித்தூர் மாவட்டத்திலேயே இருந்தது, 2022 ஏப்ரலில்தான் திருப்பதி தனி மாவட்டமாயிற்று.) அத்தைக்குச் சர்க்கரை நோய். நாள் தவறாமல் இன்சுலின் போட்டுக்கொள்பவர். வெள்ளிக்கிழமை இரவு தொலைபேசியில், “மருந்து நாளைக்கு மட்டும் வரும், அதற்கு மேல் இல்லையடா” என்றார். பதற்றமில்லாமல் அவர் சொன்னதுதான் எங்களைப் பதற வைத்தது.

சனிக்கிழமை விடியற்காலையில் மருந்தைப் பனிக்கட்டியோடு ஒரு பிளாஸ்கில் வைத்துக்கொண்டு புறப்பட்டோம். நெடுஞ்சாலையில் இடையூறு ஒன்றுமில்லை. சாலையை விட்டு இறங்கித் தோப்புக்குச் செல்லும் மண் வழியில் ஒரு கானாறு குறுக்கிடும். தண்ணீர் வடிந்திருந்தது, சேறு வடியவில்லை. முன் சக்கரங்களின் நடுவிலுள்ள ஹப்புகளை ‘லாக்’ என்ற குறிக்குத் திருப்பினோம். உள்ளே வந்து முன் ஆக்சிலுக்கான கம்பியை இழுத்தோம். இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது. ஆயினும் ‘கடக்’ என்று விழுந்தது. பிறகு வண்டியைச் சேற்றில் இறக்கினோம். பின் சக்கரங்கள் இரண்டும் குழி பறித்தன. முன் சக்கரங்கள் கல்லால் அடித்த நந்திபோல அசையாது நின்றன.

பக்கத்து நிலத்தில் டிராக்டரோடு நின்ற ஒரு விவசாயி வந்து பார்த்தார். “ஃபோர் வீல் உந்தி கதா, எந்துகு ராலேது?” என்று கேட்டார். தமிழிலோ தெலுங்கிலோ அதற்கு எங்களிடம் விடையில்லை. எங்கள் தம்பி பிளாஸ்கைத் தலைமேல் வைத்துக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் சேற்றில் நடந்து அத்தையிடம் சேர்ப்பித்தான். ஜீப்பை டிராக்டர் பின்னோக்கி இழுத்தது. அன்று அடைந்த வெட்கம் இன்றும் ஆறவில்லை.

மறுவாரம் வண்டியை ஒரு பணிமனையில் விட்டோம். டிரான்ஸ்பர் கேஸில்தான் கோளாறு என்று கூறி அதைக் கழற்றினார்கள். பேரிங்குகளும் சீல்களும் மாறின, பணமும் மாறிற்று. ஏரிக்கரை மணலில் ஓட்டிப் பார்த்தபோது முன் சக்கரங்கள் முன்போலவே நின்றன. திரும்பக் கொண்டு சென்றோம், திரும்பவும் கழற்றினார்கள். கம்பி ஒன்று மட்டும் எண்ணெய் பட்டு எளிதாக விழுந்தது. அந்த அளவில் இலாபம்.

பின்னர் திருப்பதியில் ஒரு முதிய மேஸ்திரியிடம் போய்ச் சேர்ந்தோம். ஆரணியிலிருந்து இளமையிலேயே வந்தவர். அவர் கருவி எதையும் கையில் எடுக்கவில்லை. “தம்பி, பின் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். கியரை நியூட்ரலில் விட்டு, ஃபோர் வீல் கம்பியைப் போடுங்கள்” என்றார். எஞ்சின் ஓடவில்லை. அவர் வண்டியின் அடியில் படுத்து, முன் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் திருகிப் பார்த்தார். சிறிது ஆடியதேயன்றிச் சுழலவில்லை. “பெட்டி நன்றாகப் பிடிக்கிறது. இதையா இரண்டு முறை பிரித்தீர்கள்?” என்று கேட்டார். நாங்கள் தலை குனிந்தோம்.

அதன் பொருளை அவரே விளக்கினார். இவ்வகை ஜீப்பில் கியர் பெட்டிக்குப் பின்னால் உள்ள டிரான்ஸ்பர் கேஸ், எஞ்சின் விசையை முன்னும் பின்னும் பகிர்ந்து கொடுக்கின்றது. கம்பியைப் போட்டால் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டப்படும். பின் சக்கரங்கள் கல்லுக்கு நடுவே நிற்கும்போது முன் ஷாஃப்டும் நிற்க வேண்டும். நின்றது. ஆகவே கோளாறு அதற்கும் முன்னே, ஆக்சிலிலோ ஹப்பிலோ இருக்க வேண்டும்.

பிறகு முன் சக்கரங்கள் இரண்டையும் ஜாக்கி வைத்துத் தூக்கினார். இடச் சக்கரத்தைத் திருப்பினால் வலச் சக்கரம் எதிர்ப்புறமாகச் சுழல வேண்டும் என்றார். இடச் சக்கரம் சுழன்றது. வலச் சக்கரம் அசையவில்லை. வல ஹப்பின் மூடியைக் கழற்றினார். உள்ளே கிரீஸ், நம் சித்தூர்ச் சந்தையில் அச்சு வெல்லம் இருப்பதுபோல இறுகிக் கிடந்தது. வெளியிலுள்ள திருகு ‘லாக்’ என்று காட்டினாலும், உள்ளே நகர்ந்து ஆக்சிலைப் பிடிக்க வேண்டிய பல் வளையம் அந்த இறுகலில் சிக்கி இடம் பெயரவே இல்லை. தண்ணீர் புகாதிருக்கட்டும் என்று ஒவ்வொரு முறையும் கிரீஸை அள்ளி அடைக்கச் சொன்னவர்கள் யார்? நாங்கள்தாம். பணிமனையைக் குறை சொல்ல எங்களுக்குப் பாதி உரிமைதான் உண்டு என்பது அப்போது விளங்கிற்று.

ஒரு ஹப் கெட்டால் ஒரு சக்கரந்தானே நிற்க வேண்டும், இரண்டும் ஏன் நின்றன என்று எங்கள் வீட்டு அம்மாள் கேட்டாள். மேஸ்திரி மகிழ்ந்துபோனார். “அம்மா, நல்ல கேள்வி. நடுவில் இருக்கிற டிஃபரன்ஷியல் எந்தப் பக்கம் எளிதாகச் சுற்றுமோ அந்தப் பக்கத்துக்கே சுழற்சியை விட்டுவிடும். வலப் பக்கத்து ஷாஃப்ட் சக்கரத்தைப் பிடிக்காமல் தனியே சுற்றிக்கொண்டிருந்தது. இடப் பக்கத்துக்கு வேலையே வரவில்லை” என்றார்.

மண்ணெண்ணெயில் ஹப்பைக் கழுவி, தளர்ந்த ஸ்பிரிங்கை மாற்றி, விரல் நுனியளவு கிரீஸைத் தடவி மூடினார். செலவு, டிராக்டர்க்காரருக்கு நாங்கள் கொடுத்த தொகையினும் குறைவு. ஏலத்து வண்டியாதலால் இன்னொன்றையும் பார்த்துவிடுவோம் என்று, புரொப்பல்லர் ஷாஃப்டில் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, சக்கரம் சுழலும்போது ஷாஃப்ட் எத்தனை சுற்றுகின்றதென எண்ணினார். பழைய ஜீப் ஆக்சில்களில் 8க்கு 39 பல், 8க்கு 43 பல் என இரு விகிதங்கள் உண்டாம். முன்னே ஒன்றும் பின்னே மற்றொன்றுமாக யாரேனும் மாற்றிப் பூட்டியிருந்தால் இரண்டு ஆக்சில்களும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். எங்கள் வண்டியில் நல்லவேளையாக இரண்டும் ஒன்றே.

மணலில் ஓட்டினோம். முன் சக்கரங்கள் மண்ணைக் கவ்வி இழுத்தன. எங்கள் களிப்புக்கு அளவில்லை. அந்தக் களிப்பிலேயே கம்பியை விடுவிக்க மறந்து தார்ச் சாலையில் ஏறிவிட்டோம். பாகாலை கடந்து ஒரு வளைவில் ஸ்டீரிங் கனத்தது, டயர்கள் கிறீச்சிட்டன, கம்பியை விடுவிக்க முயன்றால் வரவில்லை. மீண்டும் பெட்டி போயிற்று என்றே முடிவு கட்டிவிட்டோம். தொலைபேசியில் மேஸ்திரி சிரித்தார். “நேராகப் பத்தடி பின்னால் எடுங்கள், பிறகு இழுங்கள்” என்றார். அப்படியே செய்தோம், கம்பி வெண்ணெய்போல் வந்தது.

வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட வழி ஓடுகின்றன. முன்னையும் பின்னையும் பூட்டிவிட்டால் அந்த வேறுபாட்டுக்கு இடமில்லை. சேற்றிலும் மணலிலும் சக்கரம் சிறிது வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தாரில் வழுக்க இயலாது. ஷாஃப்டுகள் முறுக்கேறி, பல்லோடு பல் இறுகிவிடும். பின்னால் எடுக்கும்போது முறுக்கு அவிழ்கின்றது.

எங்கள் வண்டியில் வேறொரு காரணமும் சேர்ந்திருந்தது. சிக்கனத்தை எண்ணிப் பின்னுக்கு மட்டும் புது டயர் போட்டிருந்தோம்; முன்னுள்ளவை தேய்ந்தவை. மேஸ்திரி சொற்படி டயரில் சுண்ணக்கோடு இட்டு, ஒரு சுற்றில் எவ்வளவு தூரம் உருளுகின்றதென்று முற்றத்தில் அளந்தோம். முன்னுக்கும் பின்னுக்கும் 5 சென்டிமீட்டர் வேறுபாடு. சின்னஞ்சிறு அளவுதான். ஆனால் ஒரு கிலோமீட்டரில் சக்கரம் ஏறத்தாழ 450 முறை சுற்றுகின்றது. கணக்குப் போட்டால் இருபது மீட்டருக்கு மேல் வருகின்றது. நேர்ச் சாலையிலுங்கூட அத்தனையும் முறுக்காகவே சேரும். நான்கு டயரையும் ஒரே அளவில் மாற்றினோம். கைப்பணம் கரைந்தது உண்மை. அது குறித்து வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை நின்றதும் உண்மை.

இப்போது மாதம் ஒரு முறை ஏரிக்கரை மணலில் அரைக் கிலோமீட்டர் நான்கு சக்கர விசையில் ஓட்டுகின்றோம். தார் ஏறுமுன் கம்பியை விடுவித்தாயிற்றா என்று பின் இருக்கையிலிருந்து குழந்தைகளே கேட்கின்றார்கள். ஆண்டுக்கொரு முறை, ஐப்பசிக்கு முன்பாக, ஹப்புகளைத் திறந்து கழுவுகின்றோம்; அந்த வேலை தம்பியுடையது.

சென்ற மழைக் காலத்தில் கானாறு மீண்டும் சேறானது. கம்பியைப் போட்டு, தாழ்ந்த கியரில் மெல்ல ஏறித் தோப்பு வாசலில் வண்டியை நிறுத்தினோம். அத்தை திண்ணையிலிருந்து எழுந்து வந்து தம்பியின் கால்களைப் பார்த்தார். “சேறே இல்லையே, எந்த வழியாக வந்தீர்கள்?” என்று கேட்டார்.