வக்கீலய்யா என்றொரு விளி

வக்கீல் அரபியிலிருந்து வந்த சொல். ஒருவருக்காகப் பொறுப்பேற்றவர் என்று பொருள். குமாஸ்தா பாரசீகம், பணிக்கு அமர்த்தப்பட்டவர். வக்கீலுக்கு வழக்கறிஞர், வழக்குரைஞர் என்று தமிழில் இரண்டு சொற்கள் கண்டோம். குமாஸ்தாவைக் குமாஸ்தாவாகவே விட்டுவிட்டோம்.

அப்பா காலமானபின் பாகப்பிரிவினை வழக்கில் ஒன்பது ஆண்டுகள் நாங்கள், உடன்பிறந்தார் மூவரும், ஒரு குமாஸ்தாவின் பின்னால்தான் அலைந்தோம். வாய்தாத் தேதியை நினைவில் வைத்திருந்தவர் அவர். நகல் மனுப் போட்டுத் தீர்ப்பின் நகலை வாங்கித் தந்தவரும் அவரே. பிராதின் முதல் வரைவு அவர் கையெழுத்தில் இருந்தது. வழக்கறிஞர் நான்கு இடங்களில் திருத்திக் கையொப்பமிட்டார். ஊரார் "வக்கீலய்யா" என்று விளிக்கையில் அவர் ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. எங்களுக்கோ அந்த விளி அவருக்கே உரியதென்று பட்டது.

1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் இதில் கறாரானது. சட்டத்தொழில் புரியத் தக்கோர் ஒரே வகுப்பினர் என்கிறது 29ஆம் பிரிவு. உரிமையின்றி நீதிமன்றத்தில் தொழில் புரிந்தால், 45ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. 1879ஆம் ஆண்டுச் சட்டமோ பிளீடர், முக்தியார், வருவாய் முகவர் என்று பல படிகளை ஏற்றிருந்தது. இன்னொரு வேடிக்கையும் உண்டு: 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் தொழிலாளிக்காகச் சங்க நிர்வாகி உரிமையோடு வாதாட முடிந்தது, வழக்கறிஞர்தான் எதிர்த்தரப்பின் இசைவையும் தீர்ப்பாயத்தின் அனுமதியையும் பெறவேண்டியிருந்தது.

இவற்றைக் காட்டிப் பட்டம் வெறும் அலங்காரமென்று வாதிட்டுக்கொண்டிருந்த நாட்களில்தான் பெரியம்மா முறையாகும் ஒருத்தியின் கதை தெரியவந்தது. வண்டியில் வழக்கறிஞர் என்று ஒட்டிக்கொண்டு திரிந்த ஒருவர், மேல்முறையீடு செய்வதாகச் சொல்லி அவளிடம் பணம் வாங்கியிருந்தார். மாவட்ட நீதிமன்றத்துக்கான முப்பது நாள் கெடு கழிந்து வெகுகாலம் ஆனபிறகே, அவர் எந்தப் பார் கவுன்சிலிலும் பதியாதவர் என்பது வெளிப்பட்டது. மெய்யான வழக்கறிஞர் கெடுவைத் தவறவிட்டால் பார் கவுன்சிலில் முறையிடலாம். பதிவே இல்லாதவர்மீது அங்கே என்ன முறையிடுவது? காவல் நிலையந்தான் மிச்சம்.

தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவை எங்கள் குமாஸ்தாதான் இரவோடிரவாக எழுதினார். காலையில் வழக்கறிஞரின் கையொப்பத்துக்காக அவர் வாசலில் காத்து நின்றபோது பெரியம்மா, "இவரும் வக்கீல்தானே?" என்று எங்களிடம் தணிந்த குரலில் கேட்டாள். நாங்கள் வாய் திறக்குமுன் அவரே திரும்பி, "நான் குமாஸ்தாங்கம்மா, கையெழுத்துப் போட முடியாது" என்றார்.