13 டாலரின் கணக்கு



ஹலாலான பொருளை விற்கும்போதும் அதன் விலையில் ஹராம் கலந்துவிடக்கூடும் என்பதை, எங்கள் வீட்டில் நடந்த ஒரு சிறு நிகழ்வால் உணர்ந்தோம். கணவனும் மனைவியுமாக நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த தவறு அது. இணையத்தில் சிறு வணிகம் செய்யும் குடும்பங்கள் நம்மிடையே பெருகிவரும் இக்காலத்தில், இதனைச் சொல்வது யாருக்கேனும் பயன்படலாம் என்ற எண்ணத்தில் எழுதுகிறோம்.

நாங்கள் வாழும் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், அரசு தரும் நம்பர் பிளேட்டைக் காரின் பின்புறத்தில் மட்டும் பொருத்தினால் போதுமானது. முன்புறத்தில் அதற்குரிய இடம் வெறுமையாகவே இருக்கும். அவ்விடத்தில் தம் பெயரையோ, ஊரின் பெயரையோ, விருப்பமான ஓர் ஓவியத்தையோ தாங்கிய அலங்காரத் தகட்டைப் பலர் மாட்டிக்கொள்கின்றனர். 12 அங்குல நீளமும் 6 அங்குல உயரமும் கொண்ட அலுமினியத் தகடுகளை வாங்கி, அவற்றின்மேல் வினைல் எழுத்துகளையும் படங்களையும் ஒட்டி, ஈபே ஏலத்தில் விற்று வந்தோம். ஏரிக்கரை, இலையுதிர்கால மரங்கள், குடும்பப் பெயர்கள் ஆகியவையே எங்கள் தகடுகளில் இருக்கும். அல்லாஹ்வின் திருநாமம் பொறித்த தகடுகளைச் செய்து தருமாறு சிலர் கேட்டனர். குளிர்காலத்தில் சாலையின் சேறும் உப்பும் முதலில் தெறிப்பது அந்த இடத்தில்தான் என்பதால் அவற்றைச் செய்ய மறுத்துவிட்டோம். இந்தப் பேணுதல் எங்களுக்குச் சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது. தவறு வேறு வழியாக நுழைந்ததை அப்போது நாங்கள் கவனிக்கவில்லை.

ஏலம் விடுவது மார்க்கத்தில் ஆகுமானதே. வறுமையில் வாடிய அன்ஸாரித் தோழர் ஒருவரின் விரிப்பையும் பாத்திரத்தையும் நபி (ஸல்) அவர்கள் ஏலத்தில் விற்றுக் கொடுத்த செய்தி அபூதாவூத் முதலிய நூல்களில் இடம்பெற்றுள்ளது. ஒருவர் ஒரு திர்ஹம் கேட்டார். மற்றொருவர் இரண்டு திர்ஹம் தந்து பெற்றுக்கொண்டார். அத்தோழர் ஒரு திர்ஹத்துக்கு வீட்டாருக்கு உணவும், மற்றொன்றுக்குக் கோடரியும் வாங்கினார். பின்னர் விறகு வெட்டி விற்றுத் தம் வறுமையைப் போக்கிக்கொண்டார். அந்த ஏலத்தில் கேட்ட இருவரும் உண்மையாகவே வாங்க விரும்பியவர்கள் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

நம் கடற்கரை ஊர்களில் நடக்கும் மீன் ஏலத்தில் கேட்பவரின் முகம் தெரியும். இணைய ஏலத்தில் அது தெரியாது. அங்கே வாங்க விரும்புபவர், தாம் தரக்கூடிய உச்சத் தொகையைத் தளத்திடம் மட்டும் சொல்லி வைக்கலாம். ஏலம் நடக்கும்போது அது விற்பவருக்கும் தெரியாது, போட்டியாளருக்கும் தெரியாது. வேறொருவர் விலை கேட்டால், அவரை மிஞ்சுவதற்குத் தேவையான அளவு மட்டும் தளமே இவருக்காக விலையை உயர்த்தும். எனவே 100 டாலர் வரை தரத் துணிந்தவரும், அடுத்தவர் பாதியிலேயே நின்றுவிட்டால் ஏறத்தாழ அந்தப் பாதி விலைக்கே பொருளைப் பெற்றுவிடுவார். இது வாங்குபவருக்குச் சேரவேண்டிய நியாயமான பலன்.

எங்கள் சிறிய தந்தையின் மகன் ஒருவர் பக்கத்து நகரில் படித்து வருகிறார். ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தபோது, சோற்றுத் தட்டின் முன் அமர்ந்தபடியே, "காக்கா, அந்த ஏரிக்கரைத் தகட்டுக்கு நான்தான் விலையை ஏற்றிவிட்டேன். இதற்கு முன் மூன்று தகடுகளுக்கும் அப்படித்தான். இல்லையென்றால் அடிமாட்டு விலைக்குப் போயிருக்கும்" என்றார். எங்கள் மீதுள்ள பாசத்தினால் செய்தது அது. நாங்கள் கண்டித்திருக்க வேண்டும். மாறாகச் சிரித்தோம், அவர் தட்டில் இன்னொரு துண்டு இறைச்சியை வைத்தோம். அந்தக் கணத்திலேயே அவருடைய தவறு எங்களுடையதாகவும் ஆகிவிட்டது.

இரண்டு நாள்கள் கழித்து, அந்தத் தகட்டை வாங்கியவரிடமிருந்து செய்தி வந்தது. அவர் வயது முதிர்ந்தவர். முதன்முதலாகக் கார் வாங்கியுள்ள பேரனுக்குப் பரிசளிக்கவே அதனை வாங்கியிருந்தார். தகடு மிக நேர்த்தியாக இருப்பதாகப் பாராட்டிவிட்டு, இறுதியில் இவ்வாறு எழுதியிருந்தார்: கடைசிவரை என்னோடு போட்டியிட்ட அந்த மனிதரும் யாரேனும் ஒரு பிள்ளைக்காகத்தான் கேட்டிருப்பார், அவருக்கும் இதே போல் ஒன்று செய்து கொடுக்க முடியுமா? அதை நினைத்தால் மனம் வருந்துகிறது.

இல்லாத ஒரு மனிதருக்காக அவர் வருந்தினார். அன்றிரவு எங்களுக்கு உறக்கம் வரவில்லை.

வாங்கும் எண்ணமின்றி, பிறரை ஏமாற்றுவதற்காக விலையை ஏற்றிக் கேட்பதற்கு 'நஜ்ஷ்' என்று பெயர். இதனை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. அவ்வாறு நடந்த விற்பனை செல்லும் என்றே பெரும்பான்மையான இமாம்கள் கூறியுள்ளனர். ஆயினும் அச்செயல் பாவம் என்பதில் அவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஏமாற்றப்பட்டவருக்குப் பொருளைத் திருப்பித் தரும் உரிமை உண்டு என்று கூறிய அறிஞர்களும் உள்ளனர். உலகச் சட்டமும் இதனை ஏற்பதில்லை. விற்பவரின் குடும்பத்தாரோ நண்பர்களோ விலையை உயர்த்துவதற்காக ஏலம் கேட்பதை ஈபே தளத்தின் விதிகளே தடுக்கின்றன. 2000ஆம் ஆண்டில் அத்தளத்தில் 1,35,805 டாலருக்குக் கேட்கப்பட்ட ஓர் ஓவியத்தின் விற்பனை, விற்றவரே தம் பொருளுக்கு ஏலம் கேட்டிருந்ததால் ரத்து செய்யப்பட்டது. மறு ஆண்டு அந்த விவகாரம் கூட்டாட்சி அரசின் குற்ற வழக்காகவும் ஆனது.

மறுநாள் ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் நான்கு ஏலங்களின் பதிவுகளையும் எடுத்துப் பார்த்தோம். ஏரிக்கரைத் தகடு 24.50 டாலருக்குப் போயிருந்தது. தம்பியின் கேள்விகளை நீக்கிவிட்டால், அந்தப் பெரியவருக்கு அடுத்தபடியாக உண்மையாகக் கேட்டவரின் தொகை 11 டாலர். அதாவது 11.50 டாலருக்கே அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும். 13 டாலர் எங்களுடையதன்று. மற்ற மூன்றிலும் 6.50, 9, 4.50 டாலர் என்று கூடுதலாகப் பெற்றிருந்தோம். மொத்தம் 33 டாலர். பெரிய தொகையில்லை என்று ஷைத்தான் சொல்லிக்கொண்டேதான் இருந்தான்.

தம்பியைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னோம். "அவர் மனமொப்பித்தானே கொடுத்தார் காக்கா? பிறகென்ன?" என்று கேட்டார். நியாயமான கேள்வியாகவே தோன்றியது. நால்வருக்கும் நடந்ததை மறைக்காமல் எழுதி, மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பி அனுப்பினோம். விரும்பினால் தகட்டைத் திருப்பி அனுப்பி முழுத் தொகையையும் பெற்றுக்கொள்ளலாம் என்றும் தெரிவித்தோம். எவரும் திருப்பி அனுப்பவில்லை. இருவரிடமிருந்து பதிலே இல்லை. ஒருவர் கடுமையாகத் திட்டி எழுதினார். அது எங்களுக்கு உரியதுதான். பெரியவர் எழுதிய பதில் இரண்டே வரிகள்: நான் 40 டாலர் வரை தர நினைத்திருந்தேன். ஆனாலும் அதை உங்களிடம் நான் சொல்லவில்லையே.

தம்பியின் கேள்விக்கு விடை அதில் இருந்தது. ஒருவர் எவ்வளவு தரத் துணிந்திருக்கிறார் என்பது அவர் நெஞ்சுக்குள் இருக்கும் செய்தி. தம்பியின் ஒவ்வொரு பொய்க் கேள்வியும், பூட்டிய வீட்டின் கதவை அசைத்துப் பார்ப்பது போல, அந்தச் செய்தியைத் தொட்டுப் பார்த்த செயலே. மேலும், உண்மையான போட்டி இருக்கிறது என்று நம்பியே அவர் மனமொப்பினார். நம்ப வைத்தது பொய்யாக இருக்கும்போது, அந்த ஒப்புதலை நாம் எப்படிச் சாட்சியாகக் காட்ட முடியும்?

அந்தப் பதிலைத் தம்பிக்கும் அனுப்பினோம். அடுத்த வெள்ளிக்கிழமை வந்தவர் ஒன்றும் பேசாமல் 16.50 டாலரை மேசைமீது வைத்தார். பாதி தன்னுடையது என்றார். வாங்கிக்கொண்டோம். அவருடைய தவ்பாவில் குறுக்கே நிற்க எங்களுக்கு உரிமையில்லை.

இப்போதும் தகடுகள் செய்கிறோம். ஆனால் ஏலத்தில் விடும்போது, எந்த விலைக்குக் கீழே போனால் எங்களுக்கு நட்டமோ அந்த விலையையே தொடக்க விலையாக வெளிப்படையாக வைத்துவிடுகிறோம். அதற்கு மேல் யாரும் கேட்காவிட்டால் அதுவே எங்கள் ரிஸ்க். சில தகடுகள் விற்காமல் வாகனக் கொட்டகையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைக் காணும்போது முன்போல் கவலை எழுவதில்லை.

நம் வணிகங்களில் உண்மையையும் பரக்கத்தையும் வல்ல அல்லாஹ் நிலைக்கச் செய்வானாக. பிறர் உரிமையில் ஒரு காசும் நம் கணக்கில் எஞ்சாத நிலையில் நம்மைத் தன்பால் அழைத்துக்கொள்வானாக. ஆமீன்.