ரோமாபுரிக் கடன்

போன மழைக்காலத்தில் ஓர் இரவு விடுதியில் மின்சாரம் நின்றுவிட்டது. காசியில் இது அதிசயமல்ல. மெழுகுவத்தியைச் சுற்றி உட்கார்ந்து வம்பளந்துகொண்டிருந்தபோது, எடாவா ஜில்லாவிலிருந்து வந்திருக்கும் என் அறைத்தோழி ஒரு போடு போட்டாள்: "வெளிநாட்டான் பணத்தால் எந்தக் கிராமமும் உருப்பட்டதில்லை!"

அவளுக்கு அப்படிச் சொல்ல உரிமை உண்டு. 1948-இல் அவளுடைய ஜில்லாவில்தான், மஹேவாவை மையமாகக் கொண்டு, ஆல்பர்ட் மேயர் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞரின் யோசனைப்படி கிராம அபிவிருத்திச் சோதனை தொடங்கியது. நல்ல விதை வந்தது, விளைச்சலும் கூடிற்று. அந்த அனுபவத்தை வைத்து, 1952 அக்டோபர் 2-ஆம் தேதி, அமெரிக்க உதவியுடன் தேசமெங்கும் 55 சமுதாய அபிவிருத்தித் திட்டங்கள் ஆரம்பமாயின. ஆனால் 1957-இல் பல்வந்த்ராய் மேத்தா கமிட்டி ஆராய்ந்தபோது, ஜனங்களின் சொந்த முயற்சி அதில் எழவில்லை என்று கண்டது. தேர்ந்தெடுத்த பஞ்சாயத்துகளிடம் பொறுப்பைக் கொடுக்கச் சொன்னது. தோழியின் தாத்தா இதைச் சுருக்கமாகச் சொல்வாராம்: "கிராம சேவகர் பிளாக் அதிகாரிக்குக் கணக்குச் சொன்னார். அதிகாரி மேலே சொன்னார். எங்களுக்கு யார் சொன்னார்கள்?"

நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் நான் தர்மபுரிக்காரி ஆயிற்றே!

1989-இல் எங்கள் ஜில்லாவில்தான் தமிழ்நாட்டு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. அதற்குப் பணம் தந்து உதவியது ரோமாபுரியிலுள்ள சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியம். இனாமல்ல, சர்க்கார் திருப்பிக் கட்டவேண்டிய கடன். என் ஆயாவுக்கு ரோமாபுரி எந்தத் திசை என்றுகூடத் தெரியாது. அவள் அறிந்ததெல்லாம் ஒரு தகரப் பெட்டியும் ஒரு நோட்டும். இருபது பெண்கள் மாதம் 10 ரூபாய் சேர்த்தார்கள். தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துப் பழகினார்கள். அதன் பிறகே பாங்கு அவர்களை நம்பிற்று. தாமதமாகக் கட்டினால் அபராதம். (நம் தமிழ்ச் சங்கத்துச் சந்தா பாக்கிக்காரர்கள் கவனிக்க!) கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த ஆயா அந்த நோட்டில்தான் கையெழுத்துப் போடக் கற்றாள். பாங்குக் கடனில் ஒரு கறவை மாடு வாங்கினாள். மாடு செத்து வெகுகாலம் ஆயிற்று. நோட்டு இன்னும் இருக்கிறது.

2012 அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபைக்கு ஆயா என்னையும் அழைத்துப் போனாள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. எங்கள் ஊர்த் தலைவர் ஒரு பெண்மணி. நாற்காலியிலோ அவருடைய கணவர்! அவர் வரவு செலவைக் கடகடவென்று படிக்கத் தொடங்கியதும் ஆயா எழுந்தாள்.

"ஏம்பா, நாங்க ஓட்டுப் போட்டது உனக்கா, அதுக்கா? அது படிக்கட்டும்."

சங்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். எனக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆயாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அந்த அம்மாள் தடுமாறித் தடுமாறிப் படித்தார். குழாய் ரிப்பேர்ச் செலவு வந்தபோது, "இன்னொரு தரம் படி, தாயீ" என்றாள் ஆயா.

இதைக் கேட்டு என் தோழி சிரித்தாள். "பணம் ரோமாபுரியுடையதாக இருக்கலாம். எழுந்து நின்றவள் உன் பாட்டிதானே?" என்றாள். எனக்குப் பதில் தோன்றவில்லை. நியாயமாகப் பார்த்தால், வாதத்தில் அவள்தான் ஜெயித்தாள்.

அவளிடம் சொல்லாத ஒன்றும் உண்டு. ரசாயனம் படிக்க நான் காசிக்கு வந்ததே அந்தச் சங்கத்தில் வாங்கிய 15,000 ரூபாய்க் கடனில்தான். உபகாரச் சம்பளத்திலிருந்து மாதம் 1,000 ரூபாய் அனுப்புவதாக ஏற்பாடு. சென்ற மார்கழிக் குளிரில் ஒரு கம்பளிக் கோட்டு வாங்கிவிட்டு, இரண்டு மாதம் அனுப்பாமல் இருந்துவிட்டேன். ஆயா டெலிபோனில் கூப்பிட்டாள். சுகம் விசாரித்தாள், சாப்பாடு விசாரித்தாள். பிறகு மெதுவாக, "நேத்துக் கூட்டத்துல உன் பேரைப் படிச்சாங்க, கண்ணு" என்றாள்.

"யார் படித்தது?"

"நான்தான்."

மறுநாள் காலையே பணம் அனுப்பினேன். மாலையில் நோட்டுப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். என் பெயருக்கு நேரே 2,000 ரூபாய் வரவு. அதன் கீழே, அபராதம் 50 ரூபாய், பாக்கி.