மாட்டுக் கொட்டகையில் கிடந்த ஜப்பான் வாள்!

எங்கள் வீட்டில் ஒரு சாமுராய் வாள் இருக்கிறது. போன பொங்கலுக்குச் சிவகங்கைப் பக்கம் ஊருக்குப் போனபோது, இந்த ஒரு வரியை வைத்து 40 விநாடி வீடியோ எடுத்தேன். 'பர்மா போரில் ஜப்பான் ஜெனரலை வீழ்த்தி, என் கொள்ளுத்தாத்தா கைப்பற்றிய 400 வருட வாள்!' என்று தலைப்பு. டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவளுக்குத் தலைப்பு வைக்கச் சொல்லியா தர வேண்டும்? வீடியோ பிச்சுக்கிட்டுப் போனது.

மூன்றாம் நாள் ஒரு மெயில். ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் ஒரே வரி எழுதியிருந்தார். 'கைப்பிடியைக் கழற்றிப் பார்த்தீர்களா, அம்மா?'

பார்க்கவில்லை. பெரியப்பா 400 வருடம் என்றார், நான் போட்டுவிட்டேன். வேறு யாராவது இப்படிச் செய்தி கொடுத்திருந்தால், "சோர்ஸ் என்ன?" என்று ஆயிரம் கேள்வி கேட்டிருப்பேன். பெரியப்பாவுக்கோ வேறு கணக்கு. வீடியோ ஓடியதைப் பார்த்து, வாளை விற்றால் பேத்தியின் காலேஜ் ஃபீஸுக்கு ஆகும் என்று வீட்டில் பேச ஆரம்பித்துவிட்டார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அடுத்த சனிக்கிழமையே பஸ் ஏறினேன்.

ஜப்பான் வாளின் ஜாதகம் அதன் கைப்பிடிக்குள் இருக்கிறது. எங்கள் வாளில் கைப்பிடியையும் வாளையும் சேர்த்துப் பிடித்திருந்தது ஒரு சின்ன மூங்கில் ஆணிதான். அதைப் பக்குவமாகத் தட்டி எடுத்தால், கைப்பிடிக்குள் செருகியிருக்கும் இரும்பு வெளியே வரும். அதில்தான் கொல்லர் தன் ஊரையும் பேரையும் உளியால் வெட்டுவார். சிலர் மறுபக்கத்தில் தேதியும் போடுவார்கள். ஒன்றுமே வெட்டாமல் விட்டவர்களும் உண்டு. பிரபல கொல்லரின் பேரைப் போலியாக வெட்டிவிட்டவர்களும் உண்டு!

அந்த இடத்தில் படிந்த துருவும் ஒரு சாட்சி. அதன் நிறத்தைப் பார்த்தே வாளின் வயதை ஓரளவு கணித்துவிடுவார்கள். அதனால் அங்கே மட்டும் தேய்க்கவே கூடாது. இதையெல்லாம் நான் படித்து வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. பெரியப்பா உப்புத்தாளோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். கையைப் பிடித்துத் தடுக்க வேண்டியிருந்தது.

அப்பத்தாவின் முகப்பவுடரைத் தொட்டு லேசாகத் தடவினேன். எழுத்துகள் வெள்ளையாக எழுந்து நின்றன. மொழிபெயர்ப்பு ஆப்பில் காட்டினால், அது என்னவோ உளறியது. உளி வெட்டிய கோடுகள் அதற்குப் பிடிபடவில்லை. வெளிச்சத்தைச் சாய்வாக விட்டுப் படம் எடுத்து, சென்னையில் ஜப்பானிய மொழி சொல்லித்தரும் தோழிக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"தேதி இருக்குடி. ஷோவா 19."

ஷோவா என்பது பேரரசர் ஹிரோஹிட்டோவின் ஆட்சிக்காலம். அந்த எண்ணோடு 1925-ஐக் கூட்டினால் நம் ஆண்டு வந்துவிடும். கூட்டினேன். 1944.

400 வருடம், ஒரே கூட்டலில் 80 சொச்சமாகச் சுருங்கிவிட்டது. ஊர் செக்கி. கிஃபு மாகாணத்தில் இருக்கும் செக்கி, பல நூற்றாண்டுகளாகக் கொல்லர்களின் ஊர். இன்றைக்கும் சமையல் கத்திக்குப் பேர்போனது. இரண்டாம் உலகப்போரில் ராணுவ அதிகாரிகளுக்கான வாள்கள் அங்கே ஏராளமாகத் தயாராகின. பழைய முறையில் என்றால், இரும்பு மணலை உலையிலிட்டு எடுத்த எஃகை மடித்து மடித்து அடித்து, களிமண் பூசி, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவார்கள். போர் அவசரத்தில் அதற்கெல்லாம் நேரம் ஏது? ஆலை எஃகை அடித்து எண்ணெயில் முக்கியெடுத்தவை நிறைய. எங்கள் வாளில் செக்கியின் சிறு முத்திரையும் இருந்தது. அந்த முத்திரை இருந்தால் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

'சாமுராய்' என்று போட்டதும் தப்பு. ராணுவம், போலீஸ் போன்றோர் தவிர மற்றவர்கள் வாளோடு வெளியே நடமாடுவதை ஜப்பான் 1876-லேயே தடை செய்துவிட்டது. ஆனாலும், மெயில் போட்ட பெரியவர் கேட்டது நியாயமான கேள்வி. பரம்பரை வாளுக்கு ராணுவக் கைப்பிடி மாட்டிப் போருக்கு எடுத்துப்போன அதிகாரிகளும் இருந்தார்கள். 1945 நவம்பரில் சைகோனில் மவுன்ட்பேட்டனிடம் பீல்டு மார்ஷல் தெராவுச்சி ஒப்படைத்தவையும் பழைய வாள்கள்தான். கழற்றாமல் தெரியாது.

அடுத்து டிரங்குப் பெட்டி. கொள்ளுத்தாத்தாவின் டிஸ்சார்ஜ் சர்டிஃபிகேட் கரையான் அரித்து, மடிப்பில் கிழிந்து கிடந்தது. மெட்ராஸ் சாப்பர்ஸ். சேர்ந்தது 1944. கடல் கடந்த சேவை: மலேயா, 1945 செப்டம்பர் முதல்.

பர்மாவே இல்லை! ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது ஆகஸ்ட் 15. இந்தியப் படைகள் மலேயா கடற்கரையில் இறங்கியது செப்டம்பர் 9. அவர் போனபோது சண்டையே முடிந்துவிட்டது. ஜப்பானிய அதிகாரிகள் வாளை ஒப்படைத்தே ஆக வேண்டும் என்பது மவுன்ட்பேட்டனின் கட்டளை. குவிந்த வாள்களில் நிறைய, நினைவுப்பொருளாகப் படைவீரர்களின் பெட்டிகளில் ஊர் போய்ச் சேர்ந்தன.

இதை அப்பத்தாவிடம் எப்படிச் சொல்வது? அவருடைய அப்பா ஆயிற்றே. திண்ணையில் உட்கார்ந்து மென்று முழுங்கிச் சொன்னேன்.

அப்பத்தா வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார். "ஜெனரலக் கொன்னாருன்னு யாரு சொன்னா? ஒம் பெரியப்பன் சொன்னது அது. எங்கய்யா ஒருநாளும் சொன்னதில்ல."

"நீங்க ஏன் இத்தனை நாள் சொல்லல அப்பத்தா?"

"நீ எங்கடி கேட்ட? போனைத் தூக்கிக்கிட்டு வாளைத்தானே படம் புடிச்ச."

பிறகுதான் கதை வந்தது. அப்பத்தாவின் தாய்மாமன் போருக்கு முன்பே மலேயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். ஜப்பான்காரன் வந்த பிறகு, சயாம் ரயில் பாதை போட அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று மட்டும் சேதி வந்தது. தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் போட்ட அந்த 'மரண ரயில்' பாதையில், தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டுபோனார்கள். கொள்ளுத்தாத்தா மலேயாவுக்குப் போகிறார் என்றதும் அப்பத்தாவின் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்: 'என் தம்பியத் தேடிக் கூட்டியாங்க.'

"எங்கய்யா தோட்டந் தோட்டமா விசாரிச்சிருக்காரு. ஆளு கெடைக்கல. திரும்பி வரும்போது இந்த இரும்பைத் தூக்கிட்டு வந்தாரு. எங்காத்தா பார்த்துச்சு. 'என் தம்பியக் கேட்டா, அவனக் கொன்னவன் கத்தியக் கொண்டாந்திருக்கீகளா'ன்னு சொல்லிப்புட்டு, அதை வீட்டுக்குள்ளயே சேர்க்கல. மாட்டுக் கொட்டகையிலதான் கெடந்துச்சு. அதுல வேலி முள்ளு வெட்டும்."

வாளின் விளிம்பில் ஏழெட்டு இடங்களில் சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருக்கும். 'போர்க்களத்தின் தழும்புகள்' என்று வீடியோவில் நான் க்ளோஸ்அப் வைத்தது, கருவேல முள் வெட்டிய தடம்!

பழைய வீடியோவை நீக்கிவிட்டு, தவற்றைச் சொல்லிப் புதிதாக ஒன்று போட்டேன். முதலாவதைப் பார்த்தவர்களில் பத்தில் ஒருவர்கூட இதைப் பார்க்கவில்லை. பெரியப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஜப்பானுக்கே திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றும் யோசித்தேன். அதற்கும் வழியில்லை. அங்கே கலைப்பொருளாகப் பதிவு செய்ய முடிகிற வாளைத்தான் வைத்திருக்க முடியும். ஆலை எஃகில் செய்தவற்றுக்குப் பதிவு கிடையாது. பிறந்த ஊரே சேர்த்துக்கொள்ளாத வாள்.

இப்போது அப்பத்தாவின் தாய்மாமனைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கையில் இருப்பது அவர் பெயரும், அப்பத்தாவின் ஞாபகத்தில் மிச்சமிருக்கும் ஒரு துண்டும்தான். "கோலகங்சார் பக்கம். தோட்டத்துப் பேரு சுங்கை என்னமோன்னு வரும்." சுங்கை என்றால் மலாயில் ஆறு. அந்தப் பேரில் ஆரம்பிக்கும் தோட்டங்கள் மலேசியா முழுக்க இருக்கின்றன.

ஊரிலிருந்து கிளம்பும்போது மூங்கில் ஆணியைத் திரும்ப மாட்டிவிட்டு, "இதை எங்கே வைக்கட்டும் அப்பத்தா?" என்று கேட்டேன்.

"எங்காத்தா வச்ச எடத்துலயே வையி" என்றார்.